கிணறுகளுக்குப் போன மீன்

அக்கா,

இன்று காலை மீன்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த பெட்டியைத் திறந்ததும் சேற்று மணம் வந்தது. கடல் மீனின் மணம் காற்றோடு போய்விடும். இது மூக்கினடியிலேயே தங்கும். வெயிலில் காயும் குளத்து மண்ணும் பாசியும் கலந்த மணம். பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளின்மேல், முதுகு முள் விறைத்தபடி, சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகக் கிடந்தன. வன்னிக் குளத்து மீன், நல்ல உருப்படி, எடுக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாமென்றேன். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் வேலிப் படலையடியில் நின்றேன். திலாப்பியா என்பது அதன் பெயர். பிளாஸ்ரிக் கானில் வந்ததால் எங்கள் ஊரில் அதைக் கான் மீன் என்றுதான் சொன்னோம். அந்தக் கானை முதலில் திறந்து பார்த்தவர்கள் நீங்களும் நானும்.

உங்களுக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு வேலி தள்ளி இருந்தவருக்கு எதற்குக் கடிதம்? நீங்கள் கண்மூடி நான்கு வருடமாகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே விளங்காது என்பதால் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, சண்டைக் காலம். அத்தான் கிளிநொச்சி வயலுக்குப் போய்விட்டு, கிளாலியில் வள்ளமேறிக் கடலேரி கடந்து வீடு வந்தார். அந்தப் பயணத்தில் மனிதர் உயிரோடு வந்து சேர்வதே பெரிய காரியம். அவரோ மடியில் ஒரு பிளாஸ்ரிக் கானையும் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் முப்பது மீன்குஞ்சுகள். கடலுக்குப் போகத் தடை, ஊருக்குள் மீன் வருவதில்லை, குளத்தில் விட்டால் அடுத்த வருடம் ஊரே சாப்பிடும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். நீங்கள் குஞ்சுகளை அண்டாவுக்குள் மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, நீ உதெல்லாம் படிச்சனி. குளத்திலை விடலாமோ, விடக்கூடாதோ?"

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தேன். உடலில் மங்கலான பட்டைகள், முதுகுச் செட்டையில் முள். பார்த்துச் சொல்லுகிறேன் என்றேன். அன்றைக்கும் அடுத்த நாளும் புத்தகம் புரட்டினேன். மூன்றாம் நாள் அண்டாவில் நான்கு குஞ்சுகள் மிதந்தன. மிச்சமும் செத்துப்போய்விடுமே என்று நீங்கள் குளத்தில் கவிழ்த்துவிட்டீர்கள். நான் ஐந்தாம் நாள் வந்து, அந்நிய மீனை இப்படி விடுவது அவ்வளவு நல்லதல்ல போலத் தெரிகிறது என்றேன். நீங்கள் வெங்காயம் உரித்தபடி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவில் இருக்கிறது.

உண்மை என்னவென்றால், முதல் நாளே எனக்குத் தெரியும். அது எதையும் தின்னும், எந்தத் தண்ணீரிலும் வாழும், வருடத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும் என்று பல்கலைக்கழகத்தில் படித்திருந்தேன். ஆனால் அத்தான் அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்ததை வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் படித்தது பிழையாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அந்த மாரி முடிந்ததும் குளத்தில் மீன் துள்ளத் தொடங்கியது. சித்திரையில் உள்ளங்கை அகலம். ஊர்ச் சனம் தூண்டில் போட்டது, பழைய சேலையால் அரித்தது. குழம்பில் சேற்று மணம் போக எவ்வளவு பழப்புளி விட வேண்டும் என்பதே கிணற்றடிகளில் பேச்சு. அத்தானைக் கண்டவர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். கந்தப்பு அண்ணை, குளத்துக்குக் கீழே தோட்டம் செய்தவர், நாளொரு மீனாகப் பிடித்து உடம்பு வைத்துவிட்டார். உங்களைக் காணும்போதெல்லாம், "பிள்ளை, உன்ரை மனுசன் கொண்டந்தது மீனில்லை, வரம்," என்பார்.

நீங்கள் மட்டும் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மாடுகளைத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறவர் நீங்கள். குளத்தை ஒவ்வொரு நாளும் கண்டவர். ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஆழமில்லாத இடத்தில் தரையைக் காட்டினீர்கள். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அமுக்கி எடுத்ததுபோல வட்ட வட்டமான குழிகள். ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளிக் கிண்டும் கூடு அது என்று சொன்னேன். அதற்காகத்தான் தண்ணீர் இப்படிக் கலங்குகிறதா, அல்லிக் கிழங்கையும் இதுதான் கிளப்புகிறதா என்று கேட்டீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் நிச்சயமில்லை என்றேன். பிறகு நீங்கள் கேட்டதுதான் என்னை எழுப்பியது. பொட்டுக்காரிகள் எங்கே?

அந்தச் சின்ன மீனுக்கு அப்படிப் பெயர் வைத்தவர் நீங்கள். ஓர் அங்குல நீளம்கூட இல்லை. தலைக்கு மேலே வெள்ளிப் பொட்டு மின்ன, மேல்தண்ணீரில் கூட்டமாக நின்று, நெளிந்து திரியும் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். எத்தனை நின்றன, எத்தனை குறைந்தன என்று யாருக்கும் தெரியாது, யாரும் எண்ணியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் எண்ணினேன். ஒரு துண்டு நுளம்பு வலையைக் கம்பி வளையத்தில் தைத்து, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பத்துத் தரம் அள்ளி, கொப்பியில் எழுதினேன். வைகாசியில் வந்த தொகையில் பாதி ஆனியில் இல்லை. ஆடியில் நான்கு தரம் வெறும் வலை வந்தது. வெயில் காரணமாக இருக்கலாம், தண்ணீர் வற்றியது காரணமாக இருக்கலாம் என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்து வைத்தேன். நீங்கள் அதை வாசித்துவிட்டு, கொப்பியிலேயே உனக்குப் பயமா என்று கேட்டீர்கள்.

அன்றுதான் முதல் நாள் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் கோபிப்பீர்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றீர்கள்.

"உனக்குத் தெரிஞ்சும் சொல்லேல்லை. எனக்குத் தெரியாமல் கவிட்டிட்டன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் எடுக்கவேணும்."

எடுப்பதற்கு ஒரு தவணை இருந்தது. மாரியில் குளம் நிரம்பினால் வாய்க்கால் வழியாகத் தொண்டைமானாற்றுப் பக்கம் பாயும். உவர் தண்ணீரும் அந்த மீனுக்குப் பொருட்டல்ல. ஒருமுறை அங்கே போய்விட்டால் எந்த ஊர்க் குளத்துக்கும் போகலாம். திருப்பிக் கூப்பிட ஏலாது. முன்பெல்லாம் புரட்டாதிக்குள் குளம் அனேகமாக வற்றிவிடும், பெரிய மீன் எதுவும் மிஞ்சாது. ஆனால் குண்டுவீச்சுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டியவர்கள் மூடைகளுக்கு மண் எடுத்து எடுத்து, நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒரு வீட்டு வளவின் அளவு பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். கான் மீன் எல்லாம் அதற்குள்தான். இறைக்க வேண்டும், மழைக்கு முன்னர் இறைக்க வேண்டும். பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. கையால் இறைப்பதென்றால் ஊர் வர வேண்டும்.

வாசிகசாலையில் கூட்டம் வைத்தீர்கள். நான் விளக்கம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முதல் பக்கத்தில் அந்த மீனின் தாயகம் ஆபிரிக்கா என்று வந்தது. அதை வாசித்ததும் கந்தப்பண்ணை எழுந்து, அங்கேயிருந்து எங்களை நம்பி வந்த மீனை மாஸ்ரர் திருப்பி அனுப்பப் போகிறாரோ என்று கேட்டார். சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு இரண்டாம் பக்கம் எதுவென்று தெரியாமல் போய்விட்டது. சனம் சிரித்தது தவறில்லை. பிள்ளைகளுக்கு ஒரு கறி கிடைக்கிறது, அதை எடுத்து எறியச் சொன்னால் யார் கேட்பார்கள்?

நீங்கள் பின் வரிசை வாங்கிலிருந்து எழும்பினீர்கள். "எறியச் சொல்லேல்லை, அண்ணை. முழுக்கப் பிடிச்சு முழுக்கத் தின்னச் சொல்லுறம். ரெண்டு நாள் ஊர் முழுக்க மீன். நுளம்புக்காய்ச்சல் வந்து பிள்ளையள் படுத்தால் உங்கடை வரம் வந்து பாக்குமோ?"

காய்ச்சலுக்கும் பொட்டுக்காரி குறைந்ததற்கும் தொடர்பு இருக்கிறதென்று நான் எங்கும் எழுதவில்லை. எனக்கு அதில் நிச்சயமில்லை. வெளியே வந்ததும் அதைச் சொன்னேன். உனக்கு நிச்சயம் வரும்வரைக்கும் மேகம் பொறுக்காது என்றீர்கள்.

புரட்டாதி நடுவில் இறைத்தோம். பனையோலைப் பட்டை, தகரவாளி, சருவச்சட்டி, கையில் அகப்பட்டதெல்லாம் கொண்டு வந்தார்கள். வரிசையாக நின்று கை மாற்றி மாற்றிக் கரைக்கு மேலே ஊற்ற, தண்ணீர் கந்தப்பண்ணையின் தோட்டப் பக்கம் ஓடியது. முதலில் எதிர்த்தவர் பிறகு தன் மிளகாய்க் கன்றுகளுக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டு நின்றார். நான் ஒரு அண்டாவோடு கரையில் இருந்து ஊர் மீன்களைத் தெரிந்தெடுத்தேன். பனையேறிக் கெண்டை, கெளுத்தி, சேற்றில் புதைந்து கிடந்த இரண்டு விரால். பொட்டுக்காரி மொத்தமும் ஒரு சிரட்டைக்குள் அடங்கியது. இரண்டாம் நாள் பின்னேரம் பள்ளத்தில் சேறு மட்டும் பளபளத்தது. சனம் கடகம் கடகமாகக் கான் மீன் கொண்டுபோனது. கால் முழங்கால்வரை கறுத்து நின்ற நீங்கள் என்னைப் பார்த்து, எழுது, ஒன்றுமில்லையென்று எழுது என்றீர்கள். எழுதினேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை. உங்கள் வீட்டுக்குப் பால் வாங்க வந்தேன். கிணற்றடியில் நின்று அள்ளிய வாளியை வைத்தீர்கள். வாளிக்குள் சாம்பல் நிறத்தில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். அது என்ன மீன் என்று நான் கேட்கவில்லை.

கிணற்றில் மீன் விடுவது எங்கள் ஊரில் யாரும் யோசித்துச் செய்யும் காரியமில்லை. தண்ணீர் நல்லதென்று மீன் நீந்திக் காட்டும். பூச்சி புழுவைத் தின்னும். கிணறு இறைக்கும்போது வாளியில் எடுத்து வைத்து, ஊற்று வந்ததும் திரும்ப விடுவோம். அன்று குளத்திலிருந்து உயிரோடு மீன் கொண்டுபோனவர்கள், சட்டிக்கு எடுத்ததுபோக நல்ல சோடி ஒன்றைக் கிணற்றுக்கும் விட்டிருந்தார்கள். குளத்தை வெறுமையாக்கிய நாங்களே அதை முப்பதுக்கு மேற்பட்ட கிணறுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறோம். யாருக்கும் அது குற்றமென்று தோன்றவில்லை. அக்கா, ஒரு சோடியைக் கிணற்றுக்கு விட்ட உங்களுக்கே தோன்றவில்லை. நீங்கள்தான் எல்லோரையும் கூட்டி இறைத்தவர்.

எனக்கும் தோன்றவில்லை. நான்கு பக்கம் எழுதியவன், குளம் குளம் என்று எழுதினேனே தவிர, கிணறு என்று ஒரு சொல் எழுதவில்லை. பள்ளக் காணிகளில் மாரிக்குக் கிணறு முட்டிக் கட்டுக்கு மேலால் வழியும். வழிந்தது குளத்துக்குத்தான் போகும்.

நீங்கள் வாளியைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சிரித்தீர்கள். பிறகு, இதைத் தா என்று கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள், கிணறு வெறுமையாய்க் கிடக்க யாருக்கும் மனம் வராது, அதற்குப் பதில் ஒன்று வேண்டும் என்றீர்கள். என் வீட்டுக் கோடியில் இருந்த சீமெந்துத் தொட்டியில் நான் காப்பாற்றி வைத்த பொட்டுக்காரிகள் அந்த நேரம் சில நூறாகப் பெருகியிருந்தன. அடுத்த நாள் தொடக்கம் நீங்கள் செம்பில் அவற்றைக் கொண்டு வீடு வீடாகப் போனீர்கள். ஓலைக் கடகத்தின் அடியில் கல் வைத்து, ஒரு பிடி சோறு போட்டு, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவது; மீன் சோற்றுக்கு வந்ததும் மெல்லத் தூக்குவது. ஒரு கான் மீனுக்கு ஐந்து பொட்டுக்காரி. கந்தப்பண்ணை ஏழு கேட்டு வாங்கினாராம். ஒவ்வொரு பின்னேரமும் எந்தெந்த வீடு முடிந்ததென்று வந்து சொல்லுவீர்கள். நான் கொப்பியில் புள்ளடி போடுவேன். என் வீட்டுக்கு நேரே மட்டும் நான் ஒன்றும் போடவில்லை. நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

ஐப்பசி நடுவில் வானம் இருண்டுகொண்டு வந்த ஒரு பகல். செம்புக்கு மீன் எடுக்க வந்த நீங்கள், இரண்டாவது தொட்டியின்மேல் நான் மூடியிருந்த தென்னோலைக் கிடுகைத் தூக்கினீர்கள்.

"உது என்ன தம்பி?"

ஒரு சோடிதான் என்றேன். தண்ணீர் வெளியே போக வழியில்லாத தொட்டி என்றேன். எப்படி இவ்வளவு விரைவாகப் பெருகுகிறது என்று நீங்கள்தானே கேட்டீர்கள், அதைப் பார்க்கத்தான் என்றேன். எல்லாம் உண்மை. எல்லாம் தப்பிக்கச் சொன்ன சாட்டு.

நீங்கள் திட்டுவதற்கு வாயெடுத்தீர்கள். அதற்குள் உங்கள் நிழல் தொட்டியில் விழுந்தது. பெட்டை மீனின் முகத்துக்கு முன்னால் பொடிப் புகையாக நின்ற குஞ்சுகள் ஒரே நொடியில் அதன் வாய்க்குள் போய் மறைந்தன. நீங்கள் விலகினீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. திரும்பக் குனிந்தீர்கள். திரும்ப உள்ளே. அரைமணி நேரம் அப்படி நிழலைப் போட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் மாணவர்கள் ஒருவரும் எந்த உயிரையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அது என்ன சாப்பிடும் என்று கேட்டீர்கள். முட்டை வாய்க்குள் இருக்கும் நாளெல்லாம் சாப்பிடாது, பத்துப் பன்னிரண்டு நாள் பட்டினி என்றேன்.

"குண்டு போட வாற பொம்பர் சத்தத்துக்கு நாங்கள் பங்கருக்குள்ளை பாயிற மாதிரி," என்றீர்கள். பிறகு சொன்னீர்கள், "இதிலை ஒரு பிழையுமில்லை, தம்பி. இது தன்ரை பாட்டிலை இருந்தது. கானிலை அள்ளினது நாங்கள்."

நான் தலையை ஆட்டினேன். நீங்கள் கிடுகைத் திரும்ப மூடினீர்கள்.

"உன்னட்டை நான் கேட்டு வாங்கமாட்டன். மழை எப்ப வருமெண்டு எனக்கும் தெரியாது. நீயே யோசி."

அன்றிரவு யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. என் வளவு பள்ளக் காணி. பெரிய மழைக்குத் தொட்டிக்கு மேலால் தண்ணீர் போவதை நான் இரண்டு மாரி கண்டிருக்கிறேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் தொட்டியின் அடைப்பை இழுத்தேன். தண்ணீர் போகும் வாயில் ஒரு துண்டு நுளம்பு வலை கட்டியிருந்தேன். தண்ணீர் இறங்க இறங்கப் பெட்டை சரிந்து கிடந்தது. கடைசியில் வாயைத் திறந்தது. குஞ்சுகள் ஈரச் சீமெந்தில் கொட்டின. கொப்பி பக்கத்தில்தான் இருந்தது. நான் எண்ணவில்லை. சோடியையும் குஞ்சுகளையும் எலுமிச்சையின் கீழ் குழி வெட்டித் தாட்டுவிட்டு வந்து கை கழுவினேன்; நெடுநேரம் கழுவினேன்.

பின்னேரம் நீங்கள் வந்தீர்கள். வெறும் தொட்டியைக் கண்டீர்கள். தொட்டிக் கட்டில் குந்தி, தாய் எதுவென்று அந்தக் குஞ்சுகளுக்கு எப்படித் தெரிகிறது, இன்னொரு மீனின் வாய்க்குள் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். தெரியாது அக்கா என்றேன். பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்ற சொல் வாயில் வரவேயில்லை. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"இண்டைக்குத்தான் நீ கேட்ட உடனை மறுமொழி சொன்னனி."

மூன்றாம் நாள் மழை தொடங்கியது.

தொண்ணூற்று மூன்றிலும் நான்கிலும் என் வலையில் ஒரு கான் மீனும் வரவில்லை. அல்லி தளிர்த்தது. பொட்டுக்காரி பத்து அள்ளலுக்கு இருபது, முப்பது என்று வந்தது. தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனமெல்லாம் சண்டையால் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்தபோது குளக்கரை முழுக்க அடுப்புகள் எரிந்தன. அந்த மாரி நான் எண்ணப் போகவில்லை. எண்ணுவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன. பல வருடம் கழித்து ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பின்னர் கான் மீன் திரும்பவும் குளத்தில் தெரிந்தது. வேறு யாரோ, வேறு எங்கோ, வேறொரு கான். கலங்கிப்போய் உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் அப்போதே தளர்ந்துபோயிருந்தீர்கள். கிணறுகளைப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். பார்த்தேன். அன்று நீங்கள் ஐந்தும் ஏழுமாக விட்ட பொட்டுக்காரிகள் பெரும்பாலான கிணறுகளில் பரம்பரையாக நின்றன. மாரிக்குக் கிணறு முட்டினால் இப்போது குளத்துக்கு வழிவது அவைதான். குளத்தில் இரண்டு வகையும் இருக்கின்றன. எது வெல்லுமென்று நான் சொல்லமாட்டேன். இந்த வருடமும் மழைக்கு முன்னர் கிணறு கிணறாகப் போய் எட்டிப் பார்த்து எழுதிவைத்தேன். குறைந்த இடங்களுக்கு என் தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்டேன்.

இனி நான் சொல்ல வந்தது. நீங்கள் போன அடுத்த வருடம் ஒரு புத்தகத்தில் உங்கள் கேள்விக்கு விடை கண்டேன். குஞ்சுகளுக்குத் தாயைத் தெரியாதாம். பயந்தால் எது இருண்ட துளையாகத் தெரிகிறதோ அதற்குள் போகுமாம். பெரும்பாலும் அது தாயின் வாயாக இருந்துவிடுகிறது. வாசித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு வேலியையும் கடந்து உங்கள் படலைவரை வந்துவிட்டேன்.

சொல்லியிருந்தால் நீங்கள் அதோடு விட்டிருக்கமாட்டீர்கள். அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். அது என்னவாக இருந்திருக்கும் என்றுதான் மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.